பழைய வேட்டை விளையாட்டுகளை இன்று ஓட வைப்பது எப்படி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

1998-இல் வந்த ஒரு வேட்டை விளையாட்டை என் லேப்டாப்பில் ஓட வைக்க எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. இரண்டு சிடி வீணாயிற்று, ஓர் அடாப்டர் கருகியது, ஈப்போவுக்கு மூன்று முறை போய் வந்தேன். விவரம் தெரிந்திருந்தால் ஒரு சனி ஞாயிறில் முடிந்திருக்கும். தோட்டத்திலோ தோட்டத்தை ஒட்டிய சின்னப் பட்டணத்திலோ இருந்துகொண்டு இந்த விளையாட்டுகளை முதன்முதலாகத் தொடப் போகிறவர்கள் என் பாடு படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. இவற்றில் சுடுவது ஒரு நொடி, காத்திருப்பது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் பிடித்தவர்களுக்குத்தான் இவை பிடிக்கும். சத்தம் விட்டுவிட்டுக் கேட்டாலோ, விலங்குகள் இரட்டை வேகத்தில் ஓடினாலோ காத்திருப்பதில் சுவையே இராது. பத்து நிமிடத்தில் மூடி வைத்துவிடுவீர்கள். அதனால்தான் பொருத்தும் வேலையைப் பற்றி இங்கே இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

1. எந்த விளையாட்டு என்று முதலில் முடிவெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு கருவி வேண்டும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது கார்னிவோர்ஸ். 1998-இல் வந்தது, உக்ரைனின் கீவ் நகரில் இருந்த ஆக்‌ஷன் ஃபார்ம்ஸ் செய்தது. வேறொரு கிரகத்தில் டைனோசர் வேட்டை. கதை கிடையாது, யாரும் வந்து கட்டளை இட மாட்டார்கள். ஒரு பெரிய காட்டில் இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டே கார்னிவோர்ஸ் 2 வந்தது. இரண்டில் எது கிடைத்தாலும் சரி.

டியர் ஹண்டர் 1997-இல் வந்தது. அமெரிக்காவின் கடைகளில் மலிவு விலையில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற மான் வேட்டை. இண்டியானா, ஆர்க்கன்சா, கொலராடோ என்று மூன்று இடங்கள். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் குளம்புத் தடம், மரத்தில் கொம்பு தேய்த்த அடையாளம், புழுக்கை ஆகியவற்றைத் தேடிப் போய், ஓரிடத்தில் நின்று காத்திருக்க வேண்டும். மிகப் பொறுமையானவர்களுக்கு மட்டும்.

பிளேஸ்டேஷன் 2 வீட்டில் இருந்தால் 2003-இல் வந்த கபேலாஸ் டேஞ்சரஸ் ஹண்ட்ஸ். இதில் விலங்கு உங்களைத் திருப்பித் தாக்கும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது: நம் வட்டாரத்தில் விற்ற பிளேஸ்டேஷன் 2 ஜப்பானோடு சேர்ந்த வட்டாரக் குறியீடு கொண்டது. அமெரிக்கச் சிடியை வாங்கினால், மாற்றம் செய்யாத கருவி அதைப் படிக்காது. விற்பவரிடம் உறையின் பின்பக்கப் படத்தைக் கேட்டு, எந்த வட்டாரத்துச் சிடி என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கடைசியாக டக் ஹண்ட். ஜப்பானில் 1984-இல் வந்த வாத்துச் சுடும் விளையாட்டு. தொண்ணூறுகளில் மைக்ரோ ஜீனியஸ் (டிவியில் செருகி விளையாடும், ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த கருவி) வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இதற்குக் கணினி தேவையில்லை, ஆனால் பழைய குண்டு டிவி கட்டாயம். 5-ஆம் படியில் சொல்கிறேன்.

2. வாங்கும்போது கைக்கு வந்துசேர வேண்டியவை

நான் முதலில் வாங்கிய மான் வேட்டை சிடி ஒரு வெள்ளைக் காகித உறையில் வந்தது. சிடியில் கீறல் ஒன்றும் இல்லை. மகிழ்ச்சியோடு போட்டேன். பாதி வழியில் சிடி கீ, அதாவது அசல் சிடியோடு வரும் ரகசிய எண், கேட்டது. கீ அச்சிட்ட அட்டை விற்றவரிடம் இல்லை. 'தொலைந்துவிட்டது' என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். 45 வெள்ளி (ரிங்கிட்) போனது.

ஆகவே பணம் கட்டுமுன் நான்கு படங்கள் கேளுங்கள்: சிடியின் அடிப்பக்கம் (வெளிச்சத்தில் சாய்த்து எடுத்தது), பெட்டியின் பின்புறம், கையேட்டின் முன், பின் அட்டைகள். எல்லா விளையாட்டும் கீ கேட்காது. கேட்பவற்றில் பெரும்பாலும் அது பெட்டியின் உள்பக்கத்திலோ கையேட்டு அட்டையிலோ ஒட்டியிருக்கும். கையேட்டையும் விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து விளையாட்டுகள் எந்த விசை எதற்கு என்று திரையில் சொல்லித்தராது.

சிடியின் மேற்பக்கத்தில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரிகின்றனவா என்று விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் மேல் பூச்சு உரிந்துபோகும். அடியில் உள்ள கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம், மேலே உரிந்ததற்கு வைத்தியம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பெரிய தளங்கள் பணம் கட்டும்போதே அதைச் சேர்த்துவிடும். சேர்த்திருக்கிறார்களா என்று ரசீதில் பாருங்கள். தோட்ட லயத்து முகவரிக்குப் பொட்டலம் நேராக வராமல் அஞ்சலகத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. எடுக்கப் போகும்போது அடையாள அட்டையும் பொட்டல எண்ணும் கையில் இருக்கட்டும். என்னுடையது வந்துசேர ஐந்து வாரம் ஆனது.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் நகல் சிடி வேண்டாம். சட்டத்தை விடுங்கள், விளையாட்டே கெட்டுவிடும். நான் சிறுவயதில் விளையாடிய நகலில் இடம் மிச்சம் பிடிக்கச் சத்தக் கோப்புகளை வெட்டி எடுத்திருந்தார்கள். வேட்டை விளையாட்டில் பாதி, காதில்தான் நடக்கிறது.

3. எந்தக் கணினியில் ஓட்டுவது

இரண்டு வழி உண்டு: இருக்கிற லேப்டாப், அல்லது பழைய எக்ஸ்பி பெட்டி (வின்டோஸ் எக்ஸ்பி ஓடும் மேசைக் கணினி).

லேப்டாப் என்றால் யூஎஸ்பி சிடி டிரைவ் ஒன்று வாங்க வேண்டும். நான் கொடுத்தது 49 வெள்ளி. விளையாட்டு மிகப் பழையது என்பதால் எந்த லேப்டாப்பின் வேகமும் போதும்; பள்ளிப் பாடத்துக்கு வாங்கிய மலிவான லேப்டாப்பே தாராளம். சிக்கல் வேகத்தில் வராது, வின்டோஸில் வரும்.

பழைய பெட்டி என்றால் பென்டியம் 4 போதும். கணினி பழுதுபார்க்கும் கடைகளின் பின்கட்டில் இன்னும் கிடக்கின்றன. எனக்கு ஈப்போவில் 80 வெள்ளிக்குக் கிடைத்தது. வாங்குமுன் பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி உள்ளே பாருங்கள். தாய்ப்பலகையில் உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் மாறிப்போனால் பயப்பட வேண்டாம், சிஆர்2032 பொத்தான் பேட்டரி மாற்றினால் போதும்.

பெட்டியின் பக்கவாட்டில் எக்ஸ்பி உரிம ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். மீண்டும் வின்டோஸ் போட நேர்ந்தால் அதுதான் உங்கள் ஆவணம். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. ஆகவே அந்தப் பெட்டியை இணையத்தோடு இணைக்காதீர்கள். வேட்டை விளையாட இணையம் தேவையும் இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? வீட்டில் இடம் இருந்தால் பழைய பெட்டி. கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி அதில் கிடையாது.

4. லேப்டாப்பில் பொருத்துவது

இங்கேதான் என் மூன்று மாதமும் போனது.

முதல் சுவர், விளையாட்டைக் கணினியில் நிறுவும் நிரலான இன்ஸ்டாலர். தொண்ணூறுகளின் சிடிகள் பலவற்றில் இன்ஸ்டாலர் 16-பிட். இன்றைய 64-பிட் வின்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. விளையாட்டு 32-பிட்டாக இருந்து ஓடக்கூடியதாக இருந்தாலும், உள்ளே நுழையும் வாசல் பூட்டிக்கிடக்கும். நான் சிடி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாவது சிடி வாங்கினேன். அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். சிடியைத் திறந்து உள்ளே பாருங்கள். சில சிடிகளில் விளையாட்டுக் கோப்புகள் சுருக்கப்படாமல் அப்படியே இருக்கும். அந்த ஃபோல்டரை முழுமையாகப் பிரதி எடுத்தாலே ஓடிவிடும். இல்லையென்றால், விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் நிரல்) 32-பிட் எக்ஸ்பி போட்டு, அதில் விளையாட்டை நிறுவி, நிறுவிய ஃபோல்டரை வெளியே எடுத்து வாருங்கள்.

இரண்டாவது சுவர், சிடி உள்ளேயே இருக்கும்போது 'சிடியைப் போடுங்கள்' என்று விளையாட்டு கேட்பது. பிரதி எடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்று ஒரு பூட்டு அன்றைக்கு வழக்கத்தில் இருந்தது. வின்டோஸ் 10 முதல் அந்தப் பூட்டு வேலை செய்யத் தேவையான டிரைவர் நிரலை மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது, பாதுகாப்பு ஓட்டை என்பதால். அந்த டிரைவரை எங்கிருந்தாவது தேடி எடுத்துப் போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். போடாதீர்கள். வீட்டுக் கணக்கும் வங்கிக் கணக்கும் பார்க்கும் லேப்டாப்பில் தெரிந்தே ஓட்டை போட வேண்டாம். இந்தப் பூட்டு உள்ள விளையாட்டை எக்ஸ்பி பெட்டியில் விளையாடுங்கள்.

மூன்றாவது, படம். கார்னிவோர்ஸ் மூன்று விதமாகப் படம் வரையும்: சாஃப்ட்வேர், டைரக்ட்3டி, 3டிஎஃப்எக்ஸ். 3டிஎஃப்எக்ஸ் என்பது அன்றைய கிராஃபிக்ஸ் அட்டை, இன்று இல்லை. ஆனால் அழகான படம் அதில்தான். டிஜிவூடூ 2 என்ற இலவச நிரல் அந்த அட்டை இருப்பதுபோல விளையாட்டை நம்பவைக்கும். அதைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். உள்ளே 3டிஎஃப்எக்ஸ் என்ற ஃபோல்டரில், எக்ஸ்86 பிரிவில் இருக்கும் டிஎல்எல் கோப்புகளை விளையாட்டு இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். வேறு எங்கும், முக்கியமாக வின்டோஸ் ஃபோல்டரில், போடக் கூடாது. ஆண்டிவைரஸ் கத்தினால் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

பிறகு டிஜிவூடூவின் அமைப்புப் பலகையைத் திறந்து இரண்டு காரியம். படத்தின் விகிதம் மாறாமல் பெரிதாக்கும் தேர்வை எடுங்கள். இல்லையென்றால் டைனோசர் எல்லாம் நசுக்கிய பலாப்பழம்போல அகலமாகத் தெரியும், தூரத்தை மதிப்பிட முடியாது. அடுத்து, வினாடிக்கு 60 படத்துக்கு மேல் போகாமல் கட்டுங்கள். அந்தக் காலத்து விளையாட்டுகளில் சில கணினியின் வேகத்தோடு சேர்ந்து தாமும் ஓடும்.

இவ்வளவும் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காட்டில் இறங்கியதும் நடக்காதீர்கள். கண்ணை மூடி ஒரு நிமிடம் கேளுங்கள். பூச்சிச் சத்தமும் தொலைவில் ஏதோ ஒன்றின் குரலும் விட்டுவிடாமல் வர வேண்டும். திணறினால் அமைப்புக்குத் திரும்புங்கள்.

5. டக் ஹண்ட்டுக்கு டிவி

தட்டையான டிவியில் இது ஓடாது. கருவியைப் பழிக்காதீர்கள். விளையாட்டுத் துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த மின்னலைப் பார்த்தால் 'பட்டது' என்று கணக்கு. எல்சிடி டிவி அந்த மின்னலைச் சற்றுத் தாமதித்துக் காட்டும். துப்பாக்கி எதிர்பார்ப்பதும் குண்டு டிவியின் ஒளித் துடிப்பைத்தான். ஆகவே நீங்கள் எவ்வளவு குறிபார்த்தாலும் வாத்து பறந்துவிடும், நாய் சிரிக்கும்.

குண்டு டிவி கிடைப்பது எளிது. நம் நாட்டில் 2019 அக்டோபரோடு பழைய அனலாக் ஒளிபரப்பு முழுவதும் நின்றபோது பல வீடுகளில் அவை ஸ்டோருக்குப் போய்விட்டன. பழைய சாமான் எடுக்கும் லாரிக்காரரிடம் சொல்லிவைத்தேன், 14 அங்குல டிவி 20 வெள்ளிக்கு வந்தது. பின்மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி வீசும் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஜப்பானிலிருந்து அசல் ஃபேமிகாம் (டக் ஹண்ட் முதலில் வந்த நின்டெண்டோ கருவி) தருவிப்பவர்களுக்கு: அங்கே மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. என் அடாப்டர் கருகியது இப்படித்தான். மாற்றுச் செருகியில் பிளக் பொருந்துகிறதே என்று செருகிவிட்டேன். ஒரு நிமிடத்தில் வீடெல்லாம் பிளாஸ்டிக் வாடை. அடாப்டரின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே செருகுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் உள்ளூரில் விற்ற மைக்ரோ ஜீனியஸ் வகைக் கருவியையே, மஞ்சள் ஏவி வாய் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். துப்பாக்கியைத் தனியாக வாங்கினால் செருகியில் 9 ஊசியா, 15 ஊசியா என்று எண்ணிப் பாருங்கள். கருவிக்குக் கருவி மாறும்.

6. முதல் ஒரு மணி நேரம்

கார்னிவோர்ஸில் இரண்டு நாள் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பாராசோரோலோஃபஸ் என்ற, ஆளைக் கடிக்காத, எளிய டைனோசரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். அதன் தலைக் கொண்டை பெரணிச் செடிக்குப் பின்னால் அசைவது தெரியும். பதுங்கிப் போவேன். பாதி தூரத்தில் தலையைத் தூக்கும், ஓடிவிடும்.

மூன்றாம் நாள் அப்பா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். 31 வருடம் பால் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, உதிரிப் பழம் தின்ன வரும் காட்டுப்பன்றிக்கு இரவுக் காவலும் இருந்திருக்கிறார்.

"காத்து ஒன் முதுகுல அடிக்குதுடா. ஒன் வாசம் அதுக்குப் போயிருச்சு. சுத்திப் போ."

"எப்படிப்பா தெரியுது உங்களுக்கு?"

"அந்த முள்ளு எதுக்குச் சுத்துதுன்னு அப்பப் புடிச்சு பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

திரையில் திசைகாட்டியோடு காற்றின் திசையைக் காட்டும் குறியும் இருக்கிறது. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். குன்றைச் சுற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் போக எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. அந்தப் பதினைந்து நிமிடமும் அப்பா வாயைத் திறக்கவில்லை. கிளாஸில் தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. டைனோசர் எனக்கு முதுகைக் காட்டி மேய்ந்துகொண்டிருந்தது. இந்த விளையாட்டின் ஈர்ப்பு என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்வது அந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான்.

ஆகவே முதல் மணி நேரத்துக்கு: ரேடார் வசதியை எடுக்காதீர்கள். விலங்கு எங்கே என்று காட்டிவிடும், புள்ளியும் குறையும், தேடும் சுகமும் போய்விடும். வாசனை மறைப்பானை இரண்டாம் நாளுக்கு மேல் கைவிடுங்கள். ஓடாதீர்கள். டி-ரெக்ஸ் டைனோசர் பக்கம் இப்போதைக்குத் தலைவைக்க வேண்டாம். கண்ணில் சுட்டால் ஒழிய அது சாகாது, உங்களுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைக்காது. கொல்ல மனம் வராதவர்களுக்கு மயக்க ஊசித் தேர்வும், வெறுமனே சுற்றிப் பார்க்கும் முறையும் இருக்கின்றன. என் அக்கா மகள் சுற்றிப் பார்ப்பதை மட்டும்தான் விளையாடுகிறாள்.

7. எதிர்பார்க்கக் கூடாதவை

அன்பினால் மறைக்கக் கூடாது, சொல்லிவிடுகிறேன். செடிகள் பல, அட்டையில் வரைந்து நட்டவைபோல இருக்கும். நீங்கள் சுற்றி வந்தால் அவையும் உங்கள் பக்கமே திரும்பும். தூரத்தை மூடுபனி மறைப்பது அழகுக்காக மட்டுமல்ல, அந்தக் காலத்துக் கணினியால் அதற்கு மேல் வரைய முடியாது. விலங்குக்குத் தெரிந்தது இரண்டே: மேய்வது, உங்களை உணர்ந்ததும் ஓடுவது அல்லது பாய்வது. இருபது மணி நேரம் விளையாடினால் அதன் புத்தி முழுவதும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும், அதற்குப் பிறகு காட்டில் வியப்பு குறையும். டியர் ஹண்டரில் சுடும் காட்சியில் நடக்கவே முடியாது, நின்ற இடத்தில் தலையைத் திருப்பலாம், அவ்வளவே.

எனக்குப் பெரிய குறை வேறு. இந்த விளையாட்டுகளில் நம் காடு இல்லை. வெண்வாலி மானும் கரடியும் உண்டு, சருகுமான் இல்லை, தாப்பிர் இல்லை, மழை விட்ட பிறகு செம்பனைக்கடியில் எழும் அந்த வாடை தெரிந்தவர் யாரும் இவற்றைச் செய்யவில்லை. பிடித்த விலங்கு சுவரில் மாட்டும் தலையாக மட்டும் முடிவதும் அப்பாவுக்கு ஒப்பவில்லை. "திங்காத உயிரை எதுக்குச் சுடணும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பிள்ளைகள் கூட விளையாடினால் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: வெளியே வேட்டைக்கு 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் வேண்டும்.

8. எவ்வளவு செலவு, எத்தனை நாள்

லேப்டாப் வழியில் எனக்குப் பயன்பட்ட செலவு: சிடி 60 வெள்ளி, டிரைவ் 49. வீணாய்ப் போனதையும் ஈப்போ பஸ்ஸையும் சேர்த்தால் இருநூறைத் தாண்டும், அது உங்களுக்கு வர வேண்டியதில்லை. பழைய பெட்டி வழியில் கூடுதலாக 80, பேட்டரிக்கு 5. வாத்து வேட்டைக்கு டிவி 20, கருவியும் துப்பாக்கியும் சேர்த்து 90.

நாள் கணக்கில், சிடி வரும்வரை காத்திருப்பதுதான் நீளம். அது வருவதற்குள் டிஜிவூடூவையும் விர்ச்சுவல்பாக்ஸையும் இறக்கித் தயாராக வையுங்கள். சிடி வந்த அன்றே அதன் முழுப் பிரதி ஒன்றைக் கணினியில் எடுத்து வைத்துவிட்டு, அசலைச் சிலிக்கா பையோடு மூடிய டப்பாவில் போடுங்கள். பொருத்தும் வேலைக்குச் சனிக்கிழமை காலையை ஒதுக்குங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் நம் பக்கம் இடி இறங்கும். முதல் முழக்கம் கேட்டதும் குண்டு டிவி, பழைய பெட்டி, லேப்டாப் சார்ஜர் மூன்றையும் பிளக்கிலிருந்தே உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.